வானத்தில் மர்மப் பொருள் தெரிந்தால் விமானப்படை எதை விசாரிக்கும், எதை விசாரிக்காது?

2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. மணிப்பூர் தலைநகர் இம்பாலில் உள்ள பீர் டிகேந்திரஜித் சர்வதேச விமான நிலையம். மதியம் இரண்டரை மணி வாக்கில் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ ஒன்று வெறும் கண்ணுக்கே தெரிகிறது. விமானம் மாதிரி இல்லை, ஹெலிகாப்டர் மாதிரியும் இல்லை. அந்த நேரத்தில் அங்கே எதுவும் பறக்க அனுமதி வாங்கியதாகவும் பதிவு இல்லை.

உடனே வான்வெளி மூடப்பட்டது. இறங்க வந்த இரண்டு விமானங்கள் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டன. புறப்பட வேண்டிய மூன்று விமானங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. மீண்டும் அனுமதி கிடைக்க சுமார் மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை பயணிகள் என்ன ஏதுன்னு தெரியாமல் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு மே மாதத்திலிருந்தே கலவரத்தால் பதற்றத்தில் இருந்த மாநிலம் அது. அங்கே வானத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலும் அதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

மேற்கு வங்கத்தின் ஹாசிமாரா தளத்திலிருந்து ரஃபேல் போர் விமானம் ஒன்று பறந்து வந்து தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. அது திரும்பியதும் இன்னொரு ரஃபேல் வந்தது. அதற்கும் எதுவும் தென்படவில்லை. கடைசியில் விமானப்படையின் கிழக்கு மண்டலம் சமூக வலைதளத்தில் ஒரு குறிப்பு போட்டது: இம்பால் விமான நிலையத்திலிருந்து கண்ணால் பார்த்ததாக வந்த தகவலின் பேரில் வான் பாதுகாப்பு நடவடிக்கை எடுக்கப்பட்டது, அந்தச் சிறிய பொருள் அதன் பிறகு தென்படவில்லை.

அவ்வளவுதான். "அது என்ன?" என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பில் பதில் இல்லை.

இதே மாதிரி ஒன்று மதுரை கே.கே. நகரில் உங்க வீட்டு மொட்டைமாடியிலிருந்து, வண்டியூர் கண்மாய் பக்கமோ யானைமலை பக்கமோ தெரிந்தால்? யாரிடம் சொல்வது, யார் வந்து பார்ப்பார்கள், என்ன பதில் கிடைக்கும்? இதைப் புரிந்துகொள்ள, ராணுவம் இந்த மாதிரி புகாரை எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராணுவம் கேட்கும் கேள்வியே வேறு

யு.எஃப்.ஓ. என்றதும் வேற்றுக்கிரகவாசி, தட்டு வடிவ விண்கலம் என்றுதான் மனசு போகும். ஆனால் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது சினிமா இல்லை, அமெரிக்க விமானப்படை. 1950-களின் தொடக்கத்தில் 'பறக்கும் தட்டு' என்ற பத்திரிகைப் பெயருக்குப் பதிலாக 'அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்' என்று அலுவலக மொழியில் எழுத ஆரம்பித்தார்கள். அதற்கு அர்த்தம் அதுவேதான். யாருடையது, என்னவென்று இன்னும் தெரியவில்லை என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை.

இந்திய வான்வெளியில் பறக்கும் விமானங்கள் முன்கூட்டியே பயணத் திட்டம் கொடுக்க வேண்டும். வான் பாதுகாப்பு அனுமதி என்று ஓர் எண் தரப்படும். அந்தப் பட்டியலும் ரேடார் திரையில் தெரியும் புள்ளிகளும் பொருந்த வேண்டும். பொருந்தாத புள்ளி ஒன்று இருந்தால் விமானப்படைக்கு அது வேலை. வழிதவறிய சிறிய விமானமா, எல்லை தாண்டி வந்த டிரோனா, பலூனா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் போர் விமானம் கிளம்பும்.

இந்த நடைமுறை முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது: இதனால் ஆபத்து உண்டா? உண்டு என்றால் நடவடிக்கை. இல்லை என்றால் கோப்பு மூடப்படும். அது சரியாக என்ன பொருள் என்று கண்டுபிடித்துப் பார்த்தவரிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இந்த நடைமுறையில் எங்கும் இல்லை.

ஆபத்து உண்டு என்று நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கு. 2016 ஜனவரி 26, குடியரசு தினம். ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் ரேடாரில் தெரிந்த ஒரு பலூனை விமானப்படையின் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய மாவட்டம், அதுவும் நாடே பாதுகாப்பு வளையத்தில் இருக்கும் நாள். அங்கே காத்திருந்து ஆராய்ச்சி செய்ய அவகாசம் கிடையாது.

பிரிட்டன் இதை ஒளிவுமறைவு இல்லாமலே சொன்னது. பொதுமக்களின் யு.எஃப்.ஓ. புகார்களை வாங்க அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகத்தில் பல பத்தாண்டுகளாக ஒரு பிரிவு இருந்தது. 2009 டிசம்பரில் அதை மூடினார்கள். 50 ஆண்டுகளுக்கும் மேலாக வந்த புகார்களில் ஒன்றுகூட நாட்டுக்கு ஆபத்து இருப்பதாகக் காட்டவில்லை, எனவே இதில் பாதுகாப்புத் துறைக்குப் பயன் இல்லை என்பதுதான் காரணம். பார்த்தவர்களின் சந்தேகம் தீர்ந்ததா என்பது அவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

லடாக்: 329 முறை தெரிந்த 'மர்ம ஒளி'

இந்தியாவில் ராணுவம் விசாரித்த மர்ம ஒளி சம்பவங்களில், கடைசி வரை போய் விடை கிடைத்தது என்றால் அது லடாக் விவகாரம்தான். பார்த்தவர்கள் இங்கே பொதுமக்கள் இல்லை, சிப்பாய்கள். ஆனால் விடையைக் கண்டுபிடித்தது சீருடை போடாதவர்கள்.

2012 ஆகஸ்டிலிருந்து பாங்காங் ஏரிப் பகுதியில் காவல் இருந்த இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினரும் ராணுவத்தினரும் ஒரு விஷயத்தைத் தொடர்ந்து கவனித்தார்கள். மஞ்சள் நிற ஒளி உருண்டை ஒன்று சீன எல்லைப் பக்கம் அடிவானத்திலிருந்து எழும்புகிறது. மெதுவாக வானத்தைக் கடந்து, சில மணி நேரம் கழித்து மறைகிறது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, கிட்டத்தட்ட தினமும்.

சீனாவின் உளவு டிரோனா? சந்தேகம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நடமாடும் ரேடார் ஒன்றை மலை மேலே கொண்டுபோய் வைத்தார்கள். ரேடாரில் எதுவும் விழவில்லை. அலைவரிசை ஆய்வுக் கருவி வைத்தார்கள். எந்தச் சிக்னலும் வரவில்லை. இந்தியத் தரப்பு டிரோன் ஒன்றை அந்த ஒளியை நோக்கி அனுப்பியதாகவும், அது தன் உச்ச உயரத்தைத் தொட்டும் ஒளியை நெருங்க முடியவில்லை என்றும் அப்போது செய்திகள் வந்தன.

கண்ணுக்குத் தெரிகிறது, ரேடாரில் தெரியவில்லை, துரத்தினால் பிடிபடவில்லை. கதை சொல்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2013 பிப்ரவரி வரை மொத்தம் 329 முறை இந்த ஒளி பதிவானது. அதில் 155 முறை எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்ததாகவும் குறித்து வைத்தார்கள். பெங்களூருவில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் உதவி கேட்கப்பட்டது. அந்த நிறுவனத்துக்கு லடாக்கின் ஹான்லேவில் ஆய்வகம் இருக்கிறது. வானியலாளர் துஷார் பிரபு உள்ளிட்டோர் செய்த வேலை கேட்பதற்கு ரொம்ப எளிமையானது. ஒளி எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் எழுகிறது, எப்படி நகர்கிறது என்ற விவரத்தை எடுத்து, அதே நேரத்தில் கோள்கள் எங்கே இருந்தன என்ற கணக்கோடு பொருத்திப் பார்த்தார்கள்.

பொருந்தியது. ஒரு ஒளி மாலை ஆறு மணி வாக்கில் எழுந்தது, அது வியாழன். இன்னொன்று விடியற்காலை நான்கு மணி வாக்கில் எழுந்தது, அது வெள்ளி. 2013 ஜூலையில் இது வெளியானது.

சீனப் பக்கமிருந்து ஏன் வந்தது? பாங்காங் ஏரியில் நிற்பவருக்குச் சீனா கிழக்கே இருக்கிறது. கோள்கள் கிழக்கில்தான் உதிக்கும். எல்லையை ஏன் தாண்டியது? கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பொருள் மலைக்கு மேலே நகரும்போது, அது எந்த நாட்டு மலைக்கு மேலே இருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. ரேடார் ஏன் பிடிக்கவில்லை? எல்லையில் வைக்கும் ரேடாருக்கு வியாழன் எட்டுமா என்ன!

சிப்பாய்களைக் கேலி செய்ய இதில் ஒன்றும் இல்லை. ஏரியே 4,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிசு, தூசு கிடையாது, ஊர் வெளிச்சம் கிடையாது. சமவெளியில் பார்த்துப் பழகியவருக்கு அங்கே வெள்ளியும் வியாழனும் நம்ப முடியாத அளவு பிரகாசமாகத் தெரியும். அந்தப் பகுதியில் டிரோன் நடமாட்டம் பற்றிய கவலை வேறு இருந்தது. 2013 ஏப்ரலில் அதே லடாக்கின் தெப்சாங் பகுதியில் இரு நாட்டுப் படைகளும் மூன்று வாரம் எதிரெதிரே கூடாரம் போட்டு நின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் விடிவெள்ளியை எதிரியின் டிரோன் என்று நினைத்து யாராவது ஒரு படி மேலே போயிருந்தால்?

இன்னொன்று. அவர்கள் ஒவ்வொரு முறையும் பார்த்ததை எழுதி வைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இல்லையென்றால் வானியலாளர்களால் எதையும் பொருத்திப் பார்த்திருக்க முடியாது. 'மர்ம ஒளி' என்ற பெயரோடு அது இன்றுவரை சுற்றிக்கொண்டிருக்கும்.

அமெரிக்கா: 12,618 புகார், ஒரு விமானியின் உயிர்

பொதுமக்கள் பார்த்ததை ராணுவமே எடுத்து விசாரிக்கும் வழக்கத்தைப் பெரிய அளவில் நடத்திய நாடு அமெரிக்கா. 1947 ஜூன் 24-ல் கென்னத் அர்னால்டு என்ற தனியார் விமானி, ரெய்னியர் மலை அருகே ஒன்பது பொருட்கள் அதிவேகமாகப் பறந்ததாகச் சொன்னார். ராணுவ விமானப்படை உளவுப் பிரிவினர் அவரை நேரில் விசாரித்தார்கள். 'பறக்கும் தட்டு' என்ற பெயர் பத்திரிகைகளில் பரவியது அதற்குப் பிறகுதான்.

அடுத்த ஆறே மாதத்தில் விஷயம் விபரீதமானது. 1948 ஜனவரி 7. கென்டக்கி மாநிலத்தில் வானத்தில் பெரிய வெள்ளைப் பொருள் தெரிவதாக மக்கள் நெடுஞ்சாலைக் காவல்துறைக்குத் தகவல் சொன்னார்கள். தகவல் காட்மேன் ராணுவ விமானத்தளத்துக்குப் போனது. அந்த வழியாகப் பறந்துகொண்டிருந்த தேசியக் காவல்படை விமானங்களிடம் 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க' என்று கேட்டார்கள். கேப்டன் தாமஸ் மேன்டல், வயது 25, அதைத் துரத்தி 20,000 அடிக்கும் மேலே ஏறினார். விமானத்தில் ஆக்சிஜன் இல்லை. மயங்கியிருக்க வேண்டும். விமானம் விழுந்து அவர் இறந்தார்.

அவர் துரத்தியது வெள்ளிக் கோளை என்று விமானப்படை முதலில் சொன்னது. பட்டப்பகலில் வெள்ளி எப்படி இவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று யாரும் நம்பவில்லை. இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம், அது 'ஸ்கைஹுக்' என்ற பிரமாண்ட ஆராய்ச்சி பலூன் என்பது. அமெரிக்கக் கடற்படையின் ரகசியத் திட்டம். அதாவது ஒரு படையின் ரகசியம் இன்னொரு படைக்கே தெரியாது. லடாக்கில் 'வெள்ளி' என்பது கணக்குப் போட்டு வந்த பதில். கென்டக்கியில் அது அவசரத்துக்குச் சொன்ன பதில்.

பிறகு 'ப்ளூ புக்' என்ற பெயரில் ஓகையோவில் உள்ள ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் தனிப் பிரிவே இயங்கியது. 1969-ல் மூடும்வரை 12,618 புகார்கள் பதிவாகின. அவற்றில் 701-க்கு மட்டும் கடைசி வரை விளக்கம் கிடைக்கவில்லை. மற்றவை நட்சத்திரம், கோள், பலூன், விமானம், எரிகல் என்று ஏதோ ஒரு பெட்டிக்குள் போட்டு மூடப்பட்டன.

அந்தப் பெட்டிகள் எல்லாம் நேர்மையானவையா என்பதுதான் பிரச்சினை. 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் கல்லூரி மாணவிகள் உட்படப் பலர் விநோத ஒளியைப் பார்த்ததாகச் சொன்னார்கள். விமானப்படையின் ஆலோசகராக இருந்த வானியலாளர் ஜே. ஆலன் ஹைனெக், சதுப்பு நிலத்து வாயு காரணமாக இருக்கலாம் என்றார். நாடே சிரித்தது. பார்த்தவர்களுக்கு அவமானம். அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து பின்னாளில் அதிபரான ஜெரால்டு ஃபோர்டு, இதற்கு முறையான விசாரணை வேண்டும் என்று கேட்டார். ஹைனெக்கே பிற்காலத்தில் விமானப்படையின் விசாரணை முறையைக் கடுமையாக விமர்சிப்பவராக மாறிப்போனார்.

1997-ல் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. வெளியிட்ட வரலாற்று ஆய்வு இன்னும் ஒரு படி போனது. 1950-களின் பிற்பகுதியிலும் 60-களிலும் வந்த யு.எஃப்.ஓ. புகார்களில் பாதிக்கும் மேல் யு-2 போன்ற ரகசிய உளவு விமானங்களால் வந்தவை என்றது அது. 60,000 அடிக்கு மேலே பறந்த விமானத்தில் சூரிய ஒளி பட்டு மின்னியது, கீழே இருப்பவருக்கு மர்மமாகத் தெரிந்தது. விசாரணை அதிகாரிகள் சிலருக்கு உண்மை தெரியும். ஆனால் சொல்ல முடியாது. எனவே இயற்கை நிகழ்வு என்று எழுதி அனுப்பினார்கள். 'பாதி' என்ற அந்தக் கணக்கை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் பொய்யான பதில் போனது என்பதை அந்த ஆய்வே ஒப்புக்கொள்கிறது.

இப்போது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் 2022 ஜூலையில் தொடங்கிய தனி அலுவலகம் இருக்கிறது. 2024 மார்ச்சில் அது வெளியிட்ட அறிக்கை, பழைய புகார்கள் எதிலும் வேற்றுக்கிரகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது.

ரேடார் எல்லாவற்றையும் பார்க்குமா?

பார்க்காது. மெதுவாக நகரும், சின்னதாக இருக்கும் எதையும் ரேடார் வேண்டுமென்றே ஒதுக்கித் தள்ளும்படி வடிகட்டி வைத்திருப்பார்கள். இல்லையென்றால் பறவைக் கூட்டமும் மேகமும் திரையை நிரப்பிவிடும். 2023 பிப்ரவரி 4-ல் சீன பலூன் ஒன்றை அமெரிக்கா சுட்டு வீழ்த்திய பிறகு, அந்த வடிகட்டியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். உடனே புதிது புதிதாகப் பொருட்கள் தெரிய ஆரம்பித்தன. பிப்ரவரி 10 முதல் 12 வரை அலாஸ்கா, கனடாவின் யூகான், ஹூரான் ஏரி ஆகிய இடங்களில் மூன்று பொருட்களைச் சுட்டார்கள். ஹூரான் ஏரியில் விட்ட முதல் ஏவுகணை குறி தவறியது. சில நாட்களில் அதிபர் பைடன், அவை தனியார் நிறுவனம், ஆராய்ச்சி அமைப்பு அல்லது பொழுதுபோக்கு பலூன்களாக இருக்கவே அதிக வாய்ப்பு என்றார். ஒரு ஏவுகணையின் விலையே லட்சக்கணக்கான டாலர்.

எனவே இம்பாலில் கண்ணுக்குத் தெரிந்ததை இரண்டு ரஃபேல்களும் கண்டுபிடிக்கவில்லை என்பதால், பார்த்தவர்கள் பொய் சொன்னார்கள் என்றும் ஆகாது, மாய விண்கலம் என்றும் ஆகாது.

தமிழ்நாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

2023 ஜூலையில் ஓய்வுபெற்ற டி.ஜி.பி. ஒருவர், சென்னை அருகே முட்டுக்காடு கடற்கரை வானில் ஒளிரும் பொருட்களைப் படம் பிடித்ததாகச் சொன்னது பெரிய செய்தியானது. சாட்சி சொல்பவர் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தவர் என்பது இந்த விஷயத்தில் விடையைத் தந்துவிடாது. படத்தோடு நேரமும் திசையும்தான் விடை தரும்.

அவசரப் பதிலால் வரும் சிக்கலுக்கு இங்கேயே ஒரு உதாரணம் உண்டு. 2016 பிப்ரவரி 6-ல் அன்றைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் வெடிச்சத்தம் கேட்டது. ஓட்டுநர் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்து இறந்தார் என்று தமிழக அரசு அறிவித்து நிவாரணமும் தந்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகளோ, இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் இருக்கிறது என்றார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு இது வெறும் அறிவியல் விவாதம் இல்லை. வானத்திலிருந்து விழுந்தது என்றால் விதி. தரையில் வெடித்தது என்றால், யார் பொறுப்பு என்ற கேள்வி வரும்.

கே.கே. நகர் வானத்தில் என்னென்ன தெரியும்?

மதுரை விமான நிலையம் கே.கே. நகரிலிருந்து நேர்கோட்டில் சுமார் 12 கி.மீ. தெற்கே இருக்கிறது. இறங்க வரும் விமானம் உங்கள் பக்கம் நேராகத் திரும்பியிருந்தால், அதன் முகப்பு விளக்கு பல நிமிடம் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பது போலத் தெரியும். சத்தமும் வராது. திரும்பியதும் சட்டென்று மறையும். 'அப்படியே நின்னுச்சு, திடீர்னு காணாம போச்சு' என்ற வர்ணனைகளில் பல இப்படித்தான் பிறக்கின்றன.

சுமார் 140 கி.மீ. தூரத்தில் தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய்-30 போர் விமானப் பிரிவு இருக்கிறது. ராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளம். தென்மாவட்ட வானத்தில் ராணுவ விமானம் தெரிவது அதிசயம் இல்லை.

வரிசையாக ரயில் பெட்டி மாதிரி புள்ளிகள் நகர்ந்தால், அது பெரும்பாலும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். 2021-ல் குஜராத்தின் ஜுனாகத்திலும் பஞ்சாபின் பதான்கோட்டிலும் மக்களைக் கலங்கடித்தது இதுதான். தீப்பிழம்பு மெதுவாக உடைந்து சிதறிக்கொண்டே போனால் ராக்கெட் பாகமாக இருக்கலாம். 2022 ஏப்ரல் 2-ல் மகாராஷ்டிராவில் அப்படித் தெரிந்த அன்று, சந்திரபூர் மாவட்டத்தில் சுமார் மூன்று மீட்டர் அகல உலோக வளையமே வந்து விழுந்தது. இஸ்ரோ விஞ்ஞானிகள் போய்ப் பார்த்தார்கள். 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் வயலில் இறங்கிய விண்கலம் மாதிரியான பொருளைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அது ஹைதராபாத் பலூன் தளத்திலிருந்து சோதனைக்காக அனுப்பிய கலம். அதே மாதம் 15-ம் தேதி மாலை மேற்கு வங்க வானத்தில் பலர் பார்த்து வியந்த ஒளிக்கீற்றின் நேரம், அக்னி-5 ஏவுகணைச் சோதனை நேரத்தோடு ஒத்துப்போனது.

எல்லாவற்றுக்கும் மேல் வெள்ளி. கிராமத்தில் விடிவெள்ளி பார்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பிய காலத்தில் அதை யாரும் மர்மப் பொருள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். தெருவிளக்கு வெளிச்சத்தில் வானத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்ட நகரத்தில்தான் அது திடீரென்று புதிதாகத் தெரிகிறது. போனில் அதிகபட்சம் ஸூம் செய்தால், ஃபோகஸ் கிடைக்காமல் அந்தப் புள்ளி வட்டத் தட்டாக, சில நேரம் வைரம் மாதிரி, துடிப்பது போலப் பதிவாகும். அந்த வீடியோதான் வாட்ஸ்அப்பில் வரும். ஒன்று நினைவில் வைக்கலாம்: மதுரையிலிருந்து பார்த்தால் வெள்ளி நள்ளிரவில் தெரியவே தெரியாது. சூரியனிலிருந்து 47 பாகைக்கு மேல் அது விலகுவதில்லை. நள்ளிரவில் பார்த்ததற்கு யாராவது 'வெள்ளி' என்று பதில் சொன்னால், அந்தப் பதில் தப்பு.

பார்த்தால் என்ன செய்வது?

இந்தியாவில் பொதுமக்களின் யு.எஃப்.ஓ. புகாரை வாங்கவென்று தனி அலுவலகம் கிடையாது. விமானப் பாதையில் டிரோனோ, பலூனோ, லேசர் ஒளியோ தெரிந்தால் 112-க்குச் சொல்லலாம், காவல்துறை வழியாக அது விமான நிலையத்துக்குப் போகும். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 கி.மீ. வரை அனுமதி இல்லாமல் டிரோன் பறப்பது 2021 டிரோன் விதிகளின்படி குற்றம் என்பதால், இந்தத் தகவலுக்கு உடனடி மதிப்பு உண்டு. ஏதாவது கீழே விழுந்து கிடந்தால் தொடக் கூடாது. ராக்கெட் எரிபொருள் மிச்சம் நச்சு.

ஆபத்து இல்லாத வெறும் ஒளி என்றால், எழுதி வையுங்கள். எத்தனை மணி எத்தனை நிமிடம், எந்தத் திசை, எவ்வளவு நேரம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் வானத்தில் சுமார் 10 பாகை. அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்று எண்ணலாம். இருட்டில் தனியாக இருக்கும் ஒளியை உற்றுப் பார்த்தால் அது தானே அசைவது போலக் கண் ஏமாற்றும். எனவே தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம் என்று அசையாத ஒன்றை ஓரத்தில் வைத்துப் பாருங்கள். வீடியோவிலும் அதைச் சேர்த்து எடுங்கள். ஸூம் செய்யாமல் எடுத்த வீடியோதான் பயன்படும்.

அந்தக் குறிப்பை வைத்து கைபேசி வானியல் செயலியில் நீங்களே அந்த நேரத்து வானத்தைத் திரும்பப் பார்க்கலாம். வானியல் சங்கங்களுக்கும் அனுப்பலாம். லடாக் புதிரை அவிழ்த்த அதே நிறுவனம்தான், மதுரைக்குப் பக்கத்திலேயே 1899-ல் கட்டிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் நடத்துகிறது.

ராணுவம் விசாரித்திருந்தால் அந்தக் கோப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியுமா? கேட்கலாம். விமானப்படைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்கும் தகவலைத் தர மறுக்க 8(1)(அ) பிரிவு இடம் தருகிறது. எந்த ரேடார் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்ற விவரம் அந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். நீங்கள் பார்த்த நேரமும் திசையும் உங்கள் கையில் இருந்தால், அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.